ஏழாவது கேள்வி

திருவொற்றியூர் குப்பம்,
சனிக்கிழமை மதியம்.

அன்பு மகள் பவானிக்கு உன் நைனா எழுதுவது. வடிவுடையம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இன்றைய தேதிக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊர்க் குளிரில் சுகமாக இருக்கிறீர்களா. தம்பி திலீப்பும் சுகம் என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் அந்த வரியை இன்று எழுதக் கை வரவில்லை, ஏன் என்று கடைசி வரை படித்தால் உனக்கே தெரியும். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இதென்ன காகிதக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள், திலீப் நடுவில் புகுந்து அக்கா எனுக்கு ஒரு நல்ல ஜாக்கெட் வாங்கி அனுப்பு என்கிறான், நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. இந்த வாரம் இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தெருக்கோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ரஷீது பாயின் மகள் கௌசர் இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்துச் சாயங்காலத்துக்குள் உனக்கு அனுப்பிவிடுவாள். அவளைத் தவிர இங்கே யாருக்கும் இந்தக் கடிதம் தெரியாது.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் விடிவதற்குள் ஷேர் ஆட்டோ ஏறிக் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வருவதை நிறுத்த மாட்டேன் என்கிறாள், நிறுத்தச் சொன்னால் நீ ரிட்டையர் ஆயி வூட்ல குந்திகினு கீற, நானும் குந்திட்டா உலை இன்னாத்துல வெக்கறது என்று கேட்கிறாள். கடல் இந்த வருடம் கரையில் கொட்டிய கல்லையும் தாண்டி ரோட்டில் தெளிக்கிறது. மாடியில் காயப்போடும் வேட்டி சாயங்காலம் எடுக்கும்போது கரும்பொடி படிந்து சாம்பல் நிறமாக இருக்கிறது, உதறினால் இருமல் வருகிறது. வடக்கே ஏதோ ஒரு ஆலையின் தீ ஒரு வாரமாக வழக்கத்தைவிட உயரமாக எரிகிறது, ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும் இல்லை. இவையெல்லாம் நாம் பிறந்தது முதல் பார்ப்பதுதான், நான் இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் பயப்படுகிறேன் என்று வைத்துக்கொள்.

உன் பாடத்தைப் பற்றி எழுதத்தான் இத்தனை சுற்று. கோட்டு மாட்டுகிற அலமாரிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, மழைச் சத்தம் விழாமல், லீவு நாளையெல்லாம் செலவழித்து நீ பேசிப் பதிவு செய்த பன்னிரண்டு பாடங்கள். மூடிய தொட்டிக்குள் இறங்குகிறவன் உயிரோடு ஏறி வருவதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று, நம் தமிழில், ஒரு பைசா வாங்காமல், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அந்த இணையப் பள்ளியில் திறந்து வைத்தாய். நான் இருபத்திரண்டு வருடம் தொட்டி வாயில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே இறங்குகிறவன் பெயரை நோட்டில் எழுதுவதும் அவன் ஏறி வந்ததும் பெயரை அடிப்பதுமாகக் காலம் தள்ளியவன். அந்த வேலைக்கு ஒரு படிப்பு உண்டு என்பதே எனக்கு உன் பாடத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. எங்கள் காலத்தில் மேஸ்திரி சொன்னதுதான் பாடம், அவருக்கும் எவனோ சொன்னதுதான். நான்காவது பாடத்தில் நீ, என் அப்பா ஒரு நாள் நோட்டில் இரண்டு பெயர்களை அடிக்க முடியாமல் வீட்டுக்கு வந்தார் என்று சொல்லும் இடத்தில் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உனக்கு அப்போது ஒன்பது வயது, உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முதலில் இறங்கியவன் வாயு அடித்து விழுந்தான், அவனைத் தூக்கப் போனவனும் விழுந்தான், மூன்றாவதாகப் பாய்ந்தவனை நான் சட்டையைப் பிடித்து இழுத்து அவன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன், அவன் என் கையைக் கடித்த தழும்பு இப்போதும் இருக்கிறது. அந்த ஒரு நாளை வைத்து ஊரில் எத்தனை பேருக்கு நீ உயிர்ப்பிச்சை போட முடியும் என்று நினைத்துப் பெருமையாக இருந்தது, அதை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

நம் தெருவில் உன் குரல் கேட்காத வீடு இல்லை. டீக்கடையில் கேட்கும், படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் இடத்தில் கேட்கும். ஆனால் எப்படிக் கேட்டது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். வீடியோ கடைசி வரை ஓடினால்தான் அடுத்த பாடம் திறக்கும் என்று வைத்திருக்கிறாய் அல்லவா, பையன்கள் போனை ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைத்து, இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கேரம் ஆடப் போய்விடுவார்கள். ஒரு நாள் மதியம் திலீப்பைத் தேடி எதிர்வீட்டுத் திருமுருகன் அறைக்குப் போனேன், உள்ளே ஒருவரும் இல்லை, விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, உன் குரல் கீச்சுக்கீச்சென்று யாரும் தனியாக உள்ளே இறங்காதீர்கள் என்று காலி அறையில் சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன். அவர்களைத் திட்டவும் முடியாது, பாதிப் பாடத்தில் டேட்டா தீர்ந்துவிடும், ஒரு போனை மூன்று பேர் வைத்திருப்பார்கள், போதாததற்கு நீ வேறு செறிவு, உயிர்வளி என்று எழுதி வைத்திருக்கிறாய், ஆக்சிஜன் என்றால் குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும், உயிர்வளி என்றால் அது யாரு வூட்டு வளி என்று கேட்கிறார்கள்.

இனிமேல் எழுதுவதைப் படித்து என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும். போன மாதம் நீ போனில் அழாத குறையாகச் சொன்னாய், நாலாயிரம் பேர் சேர்ந்ததில் முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் நூறு பேர்கூட இல்லை, ஆனால் அதில் இருபத்து மூன்று பேர் நம்ம திருவொற்றியூர் நைனா, வேறு எந்த ஊரிலும் இப்படி இல்லை என்று. அடுத்த மாதம் பணம் கொடுக்கிறவர்களின் பெரிய கூட்டத்தில் அந்த எண்ணிக்கையைத் திரையில் காட்டப் போவதாகவும், அவர்கள் ஒத்துக்கொண்டால் ஒடியாவிலும் இந்தியிலும் தெலுங்கிலும் இதே பாடத்தைச் செய்யப் பணம் கிடைக்கும் என்றும் சொன்னாய். பவானி, அந்த இருபத்து மூன்றில் பத்தொன்பது பேர் நான்தான். பரீட்சையில் இரண்டு முறை தோற்றுவிட்டு வந்து திலீப் முதலில் கேட்டான், நைனா உனுக்குத்தான் எல்லாம் மனப்பாடம் ஆச்சே, பத்து கேள்விதான, தட்டி உடு என்றான். இரண்டு வருடமாக வேலை இல்லாமல் இருக்கிற பிள்ளை, தட்டிவிட்டேன். பத்துக்குப் பத்து. பிறகு திருமுருகன் வந்தான், அவன் தோஸ்து ஒருவன் வந்தான், கோயில் பக்கத்து பெஞ்சில் நான் உட்கார்ந்தால் ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். ஒரு டீக்குமேல் யாரிடமும் வாங்கவில்லை. என் மகள் கேட்கிற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் என்ற கர்வம்தான் எனக்கு. ரேஷன் கடையில் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து வரிசையில் நிற்பது மாதிரி, இதுவும் ஒரு உபகாரம் என்றுதான் நினைத்தேன். அது பரீட்சை என்பதும், பரீட்சை எதற்கு வைக்கிறார்கள் என்பதும், இருபத்திரண்டு வருடம் தொட்டி வாயில் உட்கார்ந்த எனக்கு உறைக்கவில்லை.

இப்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் பழைய எண்ணெய்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் காண்டிராக்டில் அவர்களில் ஏழு பேரை எடுத்துக்கொண்டார்கள், திலீப்பும் அதில் ஒருவன். முன்பெல்லாம் புது ஆளை ஒரு மாதமாவது வெளியே குழாய் பிடிக்க வைத்துப் பழக்குவார்கள், இப்போது சான்றிதழ் இருந்தால் பழக்க வேண்டாம், நேராக உள்ளேதான். உன் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தை உன் அம்மா லேமினேட் செய்து, சட்டம் போட்டு, அம்மன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். வேலை கிடைத்த அன்று அதற்கு ஒரு முழம் மல்லிகைப்பூவும் சுற்றினாள். நான் வெளியே போய்விட்டு வந்து பார்க்கிறேன், சுவரில் சட்டத்துக்குள் என் பிள்ளை பெயர், அதன்மேல் மாலை. அதைப் பிடுங்கி எறிந்ததற்கு அவள் என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, புள்ள பேரு போட்டு வந்த மொத காயிதம், சாமி மாரி வெச்சா இன்னா தப்பு என்று அழுதாள்.

புதன்கிழமை அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்திருக்கிறார்கள். எட்டு மாதமாக மூடிக்கிடந்து, அடியில் சகதியோடு மழைத் தண்ணீரும் தேங்கிய தொட்டி அது. திலீப் கண் சிவந்து, தலைவலி என்று சொல்லிக்கொண்டு வந்தான். அம்மா வெயில் என்று நினைத்து நல்லெண்ணெய் வைத்தாள். சாப்பிடும்போது அவனாகவே சொன்னான், மூடி தொறந்தப்போ கப்புனு அழுவின முட்டை வாடை நைனா, கொடலே வெளிய வந்துட்ச்சி, வாயாண்ட நின்னுகினே இருந்தோம், கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே தெர்ல, காத்து க்ளீனா ஆயிட்ச்சி, திங்கக்கெழமை காலைல ஏழு மணிக்கு எறங்கறோம் என்றான். அவன் அம்மா உள்ளே போனதும் கேட்டேன், வாடை வந்துகொண்டே இருந்து திடீரென்று நின்றால் என்ன அர்த்தம் திலீப். அவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். வாடை போனா காத்து நல்லா ஆயிட்ச்சினு அர்த்தம், இதுல இன்னா கீது என்றான். உன்னுடைய ஏழாவது கேள்வி அது. அழுகின முட்டை வாடை அடிக்கிற அந்த வாயு மிகுந்தால் முதலில் மூக்கைத்தான் சாகடிக்கும், வாடை நின்றது என்றால் உடனே ஓடு என்று நான்காவது பாடத்தில் மூன்று தரம் சொல்லியிருக்கிறாய். அதற்குச் சரியான விடையைத் திலீப் பெயரில் தட்டியது இந்த விரல். எடுத்துச் சொன்னேன், கெஞ்சினேன். அவன் கம்மென்று கேட்டுவிட்டு, நைனா நீ வேலை செஞ்ச காலம் வேற, இப்ப சும்மா பேஜார் பண்ணாத, அக்கா பேரு போட்ட காயிதம் கீது, எனுக்கு இன்னா ஆவப்போவுது என்றான். அவனுக்கு அந்தக் காகிதமே கவசம் மாதிரி.

வியாழக்கிழமை தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் அதே கேள்வியைக் கேட்டேன். பதினோரு பேரில் ஒன்பது பேர் காற்று சுத்தமாகிவிட்டது என்றார்கள், ஒருவன் சளி பிடித்திருக்கும் என்றான், ஒருவன் அத்த நீதான சொல்லணும் என்று சிரித்தான். பன்னிரண்டாவதாகக் கேட்ட கௌசர் ஒருத்திதான் சரியாகச் சொன்னாள். அவள் தன் அம்மா போனில், வேலை முடிந்த நேரத்தில், பன்னிரண்டு பாடத்தையும் நோட்டில் எழுதிப் படித்தவள். புரியாத சொல்லை என்னிடம் வந்து கேட்பாள், விடையைச் சொல்லட்டுமா என்றால் வேண்டாம் மாமா, அப்பறம் எனுக்கு இன்னா தெரியும்னு எனுக்கே தெரியாது என்பாள். அவளுக்குப் பத்தில் ஏழு வந்தது, உன் கணக்கில் எட்டு வேண்டும், பதினான்கு நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். அதே யார்டில் தொட்டி வாயில் காவல் உட்கார ஆள் கேட்டபோது அவளும் போய் நின்றாள், சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் திங்கட்கிழமை உட்காரப் போகிறவன் திருமுருகன். அவனிடமும் கேட்டேன், உள்ளே திலீப் விழுந்துவிட்டால் நீ என்ன செய்வாய் என்று. அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. இன்னா மாமு இப்டி கேக்கற, தோஸ்து உள்ள உயுந்தா நான் வெளிய குந்திகினு வேடிக்கை பாத்துகினா இருப்பேன், அடுத்த நிமிஷம் நானே குதிச்சித் தூக்கிகினு வருவேன் என்றான். அவன் பொய் சொல்லவில்லை, நிச்சயம் குதிப்பான். அவனை நினைத்தால் எனக்கு அந்தப் பழைய நோட்டின் இரண்டாவது பெயர்தான் கண்ணில் நிற்கிறது.

நேற்று பஸ் ஏறி யார்டுக்கே போனேன். சூப்பர்வைசர் சாவியோ என்கிற ராயபுரத்துப் பையன், மரியாதையாக நாற்காலி போட்டான். வாயு பார்க்கிற மீட்டர் எங்கே என்றேன், சர்வீசுக்குப் போயிருக்கிறது, திங்கள் மதியம் வரும் என்றான். வேலை ஏழு மணிக்கு, மீட்டர் மதியத்துக்கா என்றேன், தலையைச் சொறிந்தான். கடைசியில் வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன், இந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதவில்லை, நான் எழுதினேன் என்று. பெரியவரே, நீங்க சொல்றத நான் எதுல எழுதறது, கேட்ல சர்ட்டிபிகேட்ட ஸ்கேன் பண்றோம், பச்சை காட்னா உள்ள, செவப்பு காட்னா எந்த கொம்பனா இருந்தாலும் வெளிய, என்னைக் கேட்டா எனுக்கு மேல கீறவங்க பச்சையா செவப்பானுதான் கேப்பாங்க என்றான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், அவனுக்கும் பிழைப்பு. புகார் சொல்ல ஓர் அரசு அலுவலகத்துக்கு போன் போட்டேன், திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல் நேரில் வாருங்கள் என்றார்கள்.

அதனால் உன்னிடம் வந்து நிற்கிறேன். முன்பு ஒருவனுக்குத் தப்பாக இரண்டு சான்றிதழ் வந்துவிட்டது என்று நீ அங்கிருந்தே ஒன்றை ரத்து செய்தாய், அடுத்த நிமிடம் இங்கே அந்தப் பழைய காகிதத்தை ஸ்கேன் செய்தால் சிவப்பு காட்டியது, தெருவே கூடி அதை வேடிக்கை பார்த்தோம். அதைத்தான் இப்போது செய்யச் சொல்கிறேன். உன் கூட்டத்தில் இருபத்து மூன்று என்று காட்ட இருந்த இடத்தில் நாலு என்று காட்ட வேண்டிவரும், ஏன் குறைந்தது என்று கேட்பார்கள், என் அப்பா ஏமாற்றினார் என்று சொல், பெயரையும் சொல். பணம் வராமல் போகலாம், ஒடியாவில் படிக்க வேண்டியவன் படிக்காமல் போகலாம், அந்தப் பாவமும் என்னைத்தான் சேரும். பாடத்தை மட்டும் மூடிவிடாதே, அது நல்ல பாடம், கௌசர் மாதிரி ஒருத்திக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறது, பட்டறைக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் பத்துப் பேரை உட்கார வைத்து ஒவ்வொரு பாடமாக நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டலாம் என்று அவள் சொல்கிறாள், நானும் ஓர் ஓரமாக உட்காருவேன், வாயைத் திறக்க மாட்டேன். திலீப்புக்கு வேலை போகும். யார் செய்தது என்று தெரிந்தால் என்னோடு பேச மாட்டான், உன்னோடும் பேச மாட்டான். பேசாமல் இருக்கட்டும் பவானி, இருந்தால் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு அந்தக் குளிரில் வெளியே போகாதே, மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அம்மன் உன்னையும் உன் கையால் நடக்கிற காரியத்தையும் காப்பாற்றட்டும், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். அம்மாவிடம் போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் பத்தொன்பது பெயரும் அவரவர் சான்றிதழ் எண்ணும் இருக்கிறது, என் பழைய நோட்டில் எழுதுகிற மாதிரியே கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அந்த நோட்டில் ஒரு பெயரை அடித்தால் அவன் உயிரோடு வெளியே வந்துவிட்டான் என்று அர்த்தம், அது உனக்குத் தெரியும். இங்கே திங்கட்கிழமை காலை ஏழு மணி என்றால் உனக்கு இன்னும் ஞாயிறு ராத்திரிதான், அதைக் கணக்கில் வைத்துக்கொள். எல்லாவற்றையும் அடித்துவிடு. முதலில் எழுதியிருப்பது உன் தம்பி பெயர்.

இப்படிக்கு
உன் நைனா
தாமோதரன்